இடுப்பளவு ஆழம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மல்லிப்பட்டினத்திலிருந்து தேவிபட்டினம் வரை நண்பர்களோடு பாய் விரித்துப் போன பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சின்ன மனக்குறை. அதில் கடலைவிடக் கரைதான் அதிகம் வருகிறது. மனோரா கோபுரம், டீக்கடை, வலையிலிருந்து நண்டு பிரிக்கிற பெண்கள், சேற்றில் மாட்டிக்கொண்ட கதை. அலை எங்கே, ஆபத்து எங்கே?

நானும் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் சென்னையில் பாய்ப்படகு ஓட்டப் பழகியிருக்கிறோம். சொந்தமாக ஒரு சின்னப் படகு இருக்கிறது. வரும் ஜூலையில் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரமாகவே போகலாம் என்று திட்டம். 'கரை கண்ணில் தெரிகிற தூரத்திலேயே போவோம், ஏதாவது ஆனால் ஒதுங்கிவிடுவோம்' என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறோம். நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

ம., சென்னை

அன்புள்ள ம.,

வீட்டில் என்ன சொல்லி அனுமதி வாங்கினீர்களோ, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கடற்கரை பெரும்பாலும் திறந்த மணல். ஒதுங்க ஒரு வளைவு கிடையாது. அலை நேராக வந்து கரையில் உடைகிறது. இந்த அலையால்தான் அந்தக் காலத்துக் கப்பல்கள் சென்னைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றன. சரக்கும் ஆளும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. தரையில் மோதும்போது நெளிந்து கொடுக்கும், உடையாது. கப்பலில் இருந்த ஆணி அடித்த படகுகளை நம்பி அந்த அலைக்குள் இறங்கத் துரைமார்களே யோசித்தார்கள். (துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகும் 1881 புயல் அதன் சுவர்களைப் பிய்த்துப் போட்டது.) உங்கள் படகு நெளியாது. உடையும் அலையில் அது கொஞ்சம் குறுக்கே திரும்பினால் போதும், கவிழ்ந்துவிடும். கவிழ்கிற இடத்தில் ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். மேலே விழுவது படகு.

அதனால் ஏதாவது ஆனால் கரையை விட்டு விலகுங்கள். அலை உடைகிற கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள். கரை ஏறுவதென்றால் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று துறைமுகம் பார்த்து ஏறுங்கள். ஆற்று முகத்துவாரம் வரைபடத்தில் அழகாக இருக்கும். அங்கே மணல் எப்போது எங்கே மேடு கட்டும் என்று அந்த ஊர் மீனவருக்குத்தான் தெரியும். வெளியே நின்று அவர்கள் படகு எந்தப் பக்கமாக நுழைகிறது என்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே போங்கள்.

கோடியக்கரையைத் தாண்டினால் கதை வேறு. பாக் நீரிணையின் இந்தப் பக்கத்தில் பெரிய அலை கிடையாது, ஆழமும் கிடையாது. இருப்பது சேறு. நான் எழுதியதில் கரை அதிகமாக வந்ததற்குக் காரணமும் அதுதான். எங்களுக்கு நடந்ததெல்லாம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நடந்தது.

கோபாலப்பட்டினத்தைத் தாண்டி, பொழுது சாய்கிற நேரத்தில் படகு தரைதட்டியது. எங்களில் ஒருவன் வங்கி அதிகாரி, எதிலும் முதலில் இறங்குகிறவன். "இடுப்பளவுதான்டா, நான் தள்ளுறேன்" என்று குதித்தான். தண்ணீர் இடுப்பளவுதான். அதற்குக் கீழே தொடை வரைக்கும் சேறு. ஒரு காலை எடுக்க முயன்றால் மற்ற கால் இன்னும் இறங்கியது. அவனைத் தூக்க இன்னொருவன் குதித்தான். இரண்டு ஆள் கனம் குறைந்ததும் படகு மிதந்துவிட்டது. பாயை இறக்கியிருக்கவில்லை. படகில் மிச்சமிருந்த நானும் இன்னொருவரும் பாயைச் சுருட்டி நங்கூரம் போடுவதற்குள் நல்ல தூரம் தள்ளி வந்துவிட்டோம். நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் வள்ளத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "தம்பி, நிக்காதீங்க, படுங்க! தண்ணியில படுங்க!" என்று கத்திக்கொண்டே கயிற்றை வீசினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாக்கப் படுத்ததும் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வங்கி அதிகாரியின் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரியவர் வேறொன்றும் சொல்லவில்லை, எங்கள் சுக்கானில் அவர் வலை மாட்டியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தார்.

அவர் பார்த்தது நியாயம். அந்தக் கடல் முழுக்க நண்டு வலை. தொண்டி, மண்டபம் பக்கம் போனால் பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகள் வேறு. மாலை வெயில் கண்ணில் அடிக்கும்போது இரண்டுமே தெரியாது. அறுத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் அன்றாட வரும்படி. ஆகவே நாலு மணிக்கெல்லாம் கரை சேர்ந்துவிடுங்கள். இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 14 உடன் முடிகிறது. ஜூலையில் இழுவலை போடும் விசைப்படகுகள் எல்லாம் கடலில் இருக்கும்.

ஜூலை என்றதும் இன்னொன்று. அது தென்மேற்குக் காற்றின் காலம். சென்னையிலிருந்து தெற்கே வருவதென்றால் அநேகமாக நாள் முழுக்க எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வரவேண்டும். நாலு பேருக்குள் சண்டை வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. படகை லாரியில் ஏற்றி ராமேஸ்வரம் கொண்டுபோய், அங்கிருந்து வடக்கே கிளம்புங்கள். பாய்க்கப்பல் காலத்தில் இந்தப் பருவத்தில் வடக்கேதான் போவார்கள். ஆனால் பாக் நீரிணையில் அதே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் தண்ணீர் குளம் மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுக்கான் உடைந்தால் காற்று உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் 1974 இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு. அங்கே நங்கூரம்தான் துணை, அதனால் நீளமான கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் எழுதி அனுமதி கேளுங்கள். 1093, 1554 இரண்டு எண்ணும் நாலு பேர் போனிலும் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், மடித்து மூலையில் வைக்காதீர்கள். அப்புறம், நாலு பேரில் யார் சொன்னால் மற்ற மூன்று பேரும் கேட்பது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அடிப்பலகை மேலே தூக்கக்கூடியதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. தூக்க முடியாதென்றால் ராமேஸ்வரத்தை மறந்துவிட்டு நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புங்கள்.

அன்புடன்.