மச்சானின் சவுனாவுக்கு உங்கள் வீட்டு நகை எதற்கு?

கேள்வி: முரசுமோட்டையில் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். நோர்வேயில் இருக்கும் மச்சான், மனைவியின் அண்ணன், எங்கள் பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார். வேலையை நான்தான் பார்க்கிறேன். அவர் காசு அனுப்பப் பிந்துவதால் பெப்ரவரியில் மதிலுக்காக மனைவியின் நகையை 4 இலட்சத்துக்கும், ஜூனில் குளியலறை டைல்ஸுக்காக இன்னும் 5 இலட்சத்துக்கும் அடகு வைத்தேன். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபா வட்டி. இடையில் அவர் அனுப்பிய 3 இலட்சம் தண்ணீர் மோட்டருக்கும் குழாய்க்கும் போய்விட்டது. இப்போது ஏழடிக்கு ஏழடி, உயரமும் ஏழடியாக ஒரு சவுனா, அதாவது சூட்டுக்குள் இருந்து வியர்க்கும் அறை, வேண்டும் என்கிறார். விறகு அடுப்பா, மின்சார ஹீட்டரா, இன்ஃப்ராரெட் பெட்டியா நல்லது? கொழும்பு விற்பனையாளர் ஒருவர் ஆறரை இலட்சம் ரூபா இன்ஃப்ராரெட் பெட்டியை மாதம் 36,000 வீதம் 24 மாதத் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார். மின்சாரமும் மிச்சமாம். வயலுக்கு உரமும் மருந்தும் கடனுக்குத்தான் எடுக்கிறேன். போன சிறுபோகத்தில் 60 மூடையையும் ஈரத்தோடே, மூடைக்கு 900 ரூபா குறைவாகக் கடைக்காரருக்கே கொடுத்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் கேட்டது சவுனாவைப் பற்றி. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது என் கண்ணில் பட்டது அந்த இரண்டு அடகுச் சிட்டைகள்தான். அடகு வட்டி எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் ஒரு தடவைகூடச் செய்யாதது, அந்த வட்டியை மச்சானின் கணக்கில் எழுதுவது.

கூட்டிப் பாருங்கள். 4 இலட்சத்துக்கு ஒன்பது மாத வட்டி 54,000. 5 இலட்சத்துக்கு ஐந்து மாதம் 37,500. இரண்டும் 91,500 ரூபா. இது மச்சானின் வீட்டுச் செலவு, கட்டப்போவது நீங்கள். அதோடு முடியவில்லை. ஜூனில் கையில் காசு இல்லாததால் உரத்தைக் கடனுக்கு எடுத்தீர்கள். கடனுக்கு எடுத்ததால் நெல்லைக் காயவைத்து விலை பார்த்து விற்க முடியவில்லை, களத்திலேயே கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். 60 மூடைக்கு 900 ரூபா வீதம் 54,000. ஆக இந்த வருடம் அந்த வீட்டுக்காக உங்கள் குடும்பம் 1,45,500 ரூபாவை ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதாமல் கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு இது தெரியாது. தெரிந்தால் பேசாமல் இருக்கக்கூடிய மனிதராக உங்கள் கடிதத்தில் அவர் தெரியவில்லை. காசு அனுப்பப் பிந்துகிறார், அவ்வளவுதான். பிந்தினாலும் வேலை நிற்கவில்லை என்றால் அவர் ஏன் அவசரப்படப் போகிறார்?

‘பெண் எடுத்த வீடு, எப்படிக் காசைக் கேட்பது’ என்ற கூச்சம் வன்னியில் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி கட்டுகிறீர்கள். கட்டுவது உங்கள் மனைவியின் கழுத்திலிருந்து. அவரும் அண்ணனுக்காகத்தானே என்று வாய் திறக்காமல் இருப்பார். தயவு செய்து இதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

சரி, சவுனாவுக்கு வருகிறேன். மச்சானின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்து நாடான பின்லாந்தில் 55 இலட்சம் சனத்துக்கு ஏறக்குறைய 30 இலட்சம் சவுனா இருக்கிறது. எங்களுக்குக் கிணற்றடி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. குளிர்நாட்டில் இத்தனை வருடம் இருந்தவருக்கு அது உடம்போடு ஒட்டிய பழக்கமாகியிருக்கும்.

தவணைப் பெட்டியை முதலில் தள்ளி வைப்போம். 36,000 வீதம் 24 மாதம் கட்டினால் 8,64,000. ஆறரை இலட்சத்துக்கு மேல் 2,14,000 ரூபா. விற்பவர் சொல்லும் வட்டி எதுவாக இருந்தாலும், குறைந்துகொண்டு போகும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 30 வீதத்தை ஒட்டி வரும். அப்புறம் அந்த மின்சார மிச்சம். இன்ஃப்ராரெட் பெட்டி ஒரு தடவைக்கு 2 அலகு இழுக்கும். 6 கிலோவாட் ஹீட்டர் அறையைச் சூடாக்க நாற்பது நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம் பாவித்தால் 8 அலகு வரை போகும். வித்தியாசம் 6 அலகு. அலகு 70 ரூபா என்று பிடித்தால் 420 ரூபா. மச்சான் வருடத்தில் ஒரு மாதம் வந்து நின்று, கிழமைக்கு மூன்று முறை போனால் 12 தடவை. மிச்சம் 5,040 ரூபா. இந்த மிச்சத்தால் 2,14,000 ரூபா வட்டியைத் திரும்ப எடுக்க 42 வருடம் வேண்டும். இப்படியான ‘மிச்சம் பிடிக்கும்’ சாமான்களை விற்பவர்கள் எத்தனை நாள் பாவிப்பீர்கள் என்று ஒருபோதும் கேட்பதில்லை.

அதோடு அது மச்சான் கேட்கும் சாமானும் இல்லை. இன்ஃப்ராரெட் பெட்டிக்குள் சூடு 45 முதல் 60 பாகை வரைதான். கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்ப முடியாது. 80 பாகையில் இருந்து பழகியவர் அதற்குள் ஒருநாள் இருந்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

விறகு அடுப்பு என்றால் எனக்கும் முதலில் மனம் அங்கேதான் போனது. ஆனால் மச்சான் வருவது எப்போது? அங்கே கோடை விடுமுறை ஜூலையில். இங்கே அப்போது சோளகம் வீசும். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். புகைக்குழாயிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும், உங்கள் கிடுகுக் கொட்டிலும் வைக்கோலும் பக்கத்து வளவில்தான் இருக்கின்றன. விறகும் இனாமாக வராது. ஒதுக்குக் காட்டில் வெட்டினால் குற்றம். தனியாக, காற்றுக்கு மறைவாக, கல்லால் கட்டிய சிறு அறை என்றால் செய்யலாம். அது இன்னொரு கட்டடச் செலவு.

ஆகவே, செய்வதானால் மின்சார ஹீட்டர், ஆனால் அறை இந்த அளவில் வேண்டாம். ஏழடி ஏழடியில் ஏழடி உயரம் 10 கன மீட்டரை ஒட்டும். கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக்கணக்கு. 10 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்டில் 43 அம்பியர் வேண்டும். அந்த வீட்டு இணைப்பு வழமையான 30 அம்பியர் என்றால் தாங்காது, மூன்று கட்ட இணைப்பு எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. அறையை ஐந்தரை அடிச் சதுரமாக, ஆறரை அடி உயரமாகக் குறைத்தால் 6 கிலோவாட் போதும். அது 26 அம்பியர். அப்போதும் கிணற்று மோட்டர் ஓடக்கூடாது. அது 5, 6 அம்பியர் இழுத்தால் 30ஐத் தாண்டிவிடும். ஹீட்டருக்குத் தனி வயர், தனி பிறேக்கர். சுவரில் டைல்ஸ் ஒட்டி அழகு பார்த்தால் சூடெல்லாம் டைல்ஸுக்கே போகும், ஹீட்டர் பெரிதாக வேண்டிவரும். உள்ளே பலகை, பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டு வேண்டாம். ஹீட்டரில் அடுக்கும் கல்லுக்கு யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கூடவே கூடாது, சூட்டில் பொடிந்துவிடும்.

பலகையைப் பற்றி ஒரு சொல். மாங்குளத்துக்குப் பக்கத்தில் இப்படியொரு அறையைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து இறக்கிய மெல்லிய வெள்ளைப் பலகை. மேலே பார்த்தால் புதிது மாதிரி. இருக்கையின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினேன், வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. நகத்தால் அழுத்த மண் கொட்டியது. கறையான். பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் அறைக்கு அது வராமல் என்ன செய்யும்? எங்கள் பாலையோ முதிரையோ போட்டால் கறையானுக்குத் தாக்குப்பிடிக்கும், ஆனால் பாரமான மரம் சூட்டை வாங்கி வைத்து உடம்பைச் சுடும். அதனால் இருக்கையை நிலத்தில் முட்டாமல், கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதும் உங்கள் தலையில்தான் விழும் என்பதை மச்சான் அறியட்டும்.

என் யோசனை: இப்போது அறைக்கு இடத்தை மட்டும் விட்டு, சுவருக்குள் வயர்க் குழாயும் தரையில் தண்ணீர் போகும் வழியும் வைத்துப் பூசிவிடுங்கள். இதற்குச் செலவு சொற்பம். ஹீட்டரையும் பலகையையும் மச்சான் வரும்போது அவரே பார்த்து, அவரே காசு கொடுத்து வாங்கட்டும். மாமிக்குச் சளி பிடித்தால் நொச்சியும் வேப்பிலையும் போட்டு வேது பிடிக்க, இருக்கிற குளியலறையே போதும்.

மச்சானுக்கு இன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போனில் பேசினால் நீங்கள் குழைந்துவிடுவீர்கள், ஆகவே எழுதியே அனுப்புங்கள்: “மச்சான், வீட்டு வேலையைக் கடைசி வரைக்கும் நான் நிண்டு பார்ப்பன். இதுவரை உங்கடை வீட்டுக்கு நகை வச்சு 9 இலட்சம் எடுத்திருக்கிறன், வட்டி 91,500 ஏறியிருக்கு. சிட்டை இரண்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறன். இனி வாற காசில முதல் நகையை மீட்பம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் காசு வந்தாப்போல மேசனைக் கூப்பிடுறன்.” வயலில் நீங்கள் இழந்த 54,000ஐ இப்போது கேட்க வேண்டாம். அது உங்களுக்கே தெரிந்திருக்கட்டும்.

அவர் அனுப்பும் காசுக்கு வங்கியில் தனிப் புத்தகம் ஒன்று திறவுங்கள். உங்கள் வயல் காசு அதற்குள் போகக்கூடாது, அதிலிருந்து ஒரு ரூபாவும் வீட்டுச் சாமானுக்கு வரக்கூடாது. காசு வரும்வரை மேசன் வேறு வேலைக்குப் போனால் போகட்டும், திரும்பி வருவார்.

முதலில் மீட்க வேண்டியது பெப்ரவரிச் சிட்டை. தவணை ஒரு வருடம் என்று சிட்டையில் போட்டிருந்தால் உங்களுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஏல அறிவித்தல் வரும். மீட்கப் போகும் அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நகையை அங்கேயே நிறுக்கச் சொல்லி, சிட்டையில் எழுதிய நிறையோடு ஒத்துப்பார்த்து அவர் கையில் வாங்கட்டும்.