ஈறில் ரத்தம், குடலில் பயம்

கேள்வி: எனக்கு வயது 44. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. அதற்குப் பல் கிருமிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஐந்து நாள் சாப்பிடலாமா? நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் மாத்திரையைக் கீழே வையுங்கள், சார்.

வாட்ஸ்அப் இந்தத் தடவை முழுப்பொய் சொல்லவில்லை. அந்தக் கிருமியின் பெயர் ஃப்யூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். பல் டாக்டராக இருபது வருஷமாகப் பல்லில் காறை சுரண்டும் எனக்கு அது பழைய ஆசாமி. ஆரோக்கியமான வாயிலும் கொஞ்சம் இருக்கும். ஈறு வீங்கினால் பெருகும். பல்லில் படியும் படலத்தில் கொத்தனார் வேலை அதற்கு. மற்ற கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். 2012இல் பாஸ்டனிலும் வான்கூவரிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் குடல் கட்டிகளில் கண்டுபிடித்தன. 'நம்ம வாய்க்காரன் அங்கே என்ன செய்கிறான்?' என்றுதான் எனக்குத் தோன்றியது.

2024இல் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் மையம் இன்னும் நெருங்கிப் பார்த்தது. சுமார் 200 பேரின் கட்டிகளைச் சோதித்ததில், இந்தக் கிருமியின் ஒரே ஒரு கிளை (உள்வகை) மட்டும் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இருந்தது. வயிற்று அமிலத்தையும் தாங்கும் கிளை அது. மீதிப் பாதியில் அது இல்லை என்பதையும் கவனியுங்கள். கட்டியை உண்டாக்கியதா, கட்டி வந்தபின் குடியேறியதா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை.

மெட்ரோனிடசோல் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது எலிகளில். அதுவும் இந்தக் கிருமி உள்ள மனிதக் கட்டியை ஒட்டவைத்த எலிகளில். நீங்களாக விழுங்கினால் குடலில் உள்ள நல்ல கிருமிகளும் சாகும்.

நல்லெண்ணெய் கொப்பளியுங்கள், தப்பில்லை. ஆனால் கல்லாக இறுகிய காறை அதற்கு அசையாது. பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் ஈறு கெடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ஈறு அல்ல, அப்பாவின் 52. பெற்றோருக்கு அந்த நோய் இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு நாலு வருஷம் தாமதம். சின்ன முளை ஏதாவது இருந்தால், அது புற்றாக மாறும் முன் அப்போதே எடுத்துவிடுவார்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். சோதனையில் பெரிய கஷ்டம் இல்லை. முந்தின நாள் குடிக்கத் தரும் பேதி மருந்துதான் பெரும்பாடு. நானும் குடித்திருக்கிறேன், ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் கொஞ்சம் தேவலை.