1965 மஸ்டாங் 'கே' கார் அசல்தானா? கேள்வி பதில்

1965 ஃபோர்டு மஸ்டாங்கில் 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல 'ஹை-போ' (ஹை பெர்ஃபார்மன்ஸ்) எஞ்சினுக்கான குறி 'கே'; கார் எண்ணில் வரும் எழுத்து அது. விலை கூடுதல் என்பதால் சாதாரண மஸ்டாங்கை 'கே' ஆக்கி விற்பவர்கள் உண்டு.

கேள்வி: கதவுத் தகட்டில் 'கே' இருக்கிறது. போதுமா?

போதாது. அந்தத் தகடு புதிதாகவே அடித்துக் கிடைக்கும். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க ஃபெண்டரை ஒட்டி உள்பக்கம் இருக்கும் ஏப்ரன் தகட்டின் மேல்விளிம்பில் அடித்துள்ள கார் எண்ணைப் பாருங்கள். 5எஃப்09கே என்று தொடங்கினால் 1965, டியர்பார்ன் ஆலை, ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னோக்கிச் சரியும் உடல்), ஹை-போ என்று பொருள். எண்ணைவிட அதைச் சுற்றியுள்ள வெல்டிங்கைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஆலையின் ஸ்பாட் வெல்டிங் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக இருக்கும். எண் உள்ள துண்டைச் சுற்றி வெல்டிங்கைத் தேய்த்து மழுப்பிய தடம் தெரிந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எண்ணைத் திருத்திய கார் பறிமுதலாகலாம்.

கேள்வி: எஞ்சின் அதே காருடையதா என்று எப்படி அறிவது?

1965இல் 'கே' எஞ்சின் பிளாக்கில் மட்டுமே காரின் எண்ணை அடித்தார்கள். அதை ஏப்ரன் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணைப் புதிதாகவும் அடித்துவிடலாம் என்பதால் பிளாக்கை வார்த்த தேதியையும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் கிரீஸைத் துடைத்தால் 5சி12 போலத் தெரியும்: 1965, மார்ச், 12ஆம் தேதி. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று எண்ணிக்கொண்டு போங்கள், 'ஐ' கிடையாது. கார் தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக் என்றால் அது மாற்றிய எஞ்சின்.

அடுத்து வால்வு கவரைக் கழற்றச் சொல்லுங்கள். ஹை-போ ஹெட்டில் ராக்கர் ஸ்டட்கள் (வால்வைத் திறக்கும் ராக்கர் கைகளைத் தாங்கும் தண்டுகள்) மரையிட்டுத் திருகியவை. சாதாரண 289இல் அழுத்திச் செருகியவை. கவரைத் திறக்க விற்பவர் மறுத்தால் 'கே' காருக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கார்புரேட்டர்?

ஆட்டோலைட் 4100. பக்கவாட்டில் வட்டத்துக்குள் 1.12 என்று வார்த்திருக்க வேண்டும், சோக் கையால் இழுப்பது. 1.08 இருந்தால் அது 225 குதிரைத்திறன் 'ஏ' எஞ்சினுடையது. கார்புரேட்டரை எளிதில் மாற்றலாம் என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: என் பார்வைக்கு வந்த காரில் ஆட்டோமேட்டிக் கியர்.

1965 'கே'வில் நான்கு கியர் மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் 1966இல்தான் வந்தது.

கேள்வி: பின் ஆக்ஸில் 9 அங்குலமா, 8 அங்குலமா?

'கே'க்கு 9. வண்டிக்கு அடியில் போய், டிஃபரன்ஷியலின் முன்பக்க நட்டுகளில் சாக்கெட்டை நேராகப் பொருத்திப் பாருங்கள். கீழே உள்ள இரண்டு நட்டுகளில் ஏறாவிட்டால் 9 அங்குலம். எல்லாவற்றிலும் ஏறினால் 8.

கேள்வி: விற்பவர் மார்ட்டி ரிப்போர்ட் (ஃபோர்டின் தயாரிப்புத் தரவுகளை வைத்து, கார் ஆலையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் ஆவணம்) தருவதாகச் சொல்கிறார்.

அந்த ஆவணத்துக்கான ஃபோர்டு தரவுகள் 1967 மாடலிலிருந்துதான் உண்டு. 1965 காருக்கு அப்படி ஒன்றை நீட்டினால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள்.