ஆங்கிலம் கற்க இணையத்தில் கொட்டிக் கிடக்கும் பயிற்சிகளில் உருப்படியானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் அரை மணி நேரம்தான் இருக்கிறது, காசு செலவழிக்க முடியாது, எதைத் தொடுவது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், எந்தப் பயிற்சியைத் திறந்தாலும் முதல் வேலையாக ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாகப் பதில் போட்டுப் பாருங்கள். சிவப்பில் ஒரு பெருக்கல் குறியும் 'ட்ரை அகெய்ன்' என்பதும் மட்டும் வந்தால் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஏன் தப்பு என்று ஒரு வரியாவது சொன்னால் உட்காரலாம். அப்புறம் சரியான பதிலையே கொஞ்சம் மாற்றி எழுதிப் பாருங்கள். 'ஐ ஹேவ்' என்பதை 'ஐவ்' என்று சுருக்கிப் போட்டாலே தப்பு என்கிற தளங்கள் நிறைய உண்டு. அங்கே போனால், கேள்வியை எழுதியவர் மனசில் என்ன பதில் வைத்திருந்தார் என்று யூகிக்கத்தான் பழகுவோம்.

இதெல்லாம் எனக்கு என் மச்சினனால் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் மும்பை வந்தான், தாராவியில் எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறான், சயான் பக்கம் தோல் சாமான் கடை ஒன்றில் வேலை. போனில் ஒரு ஆப் வைத்து ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் ஆங்கிலம் படித்தான், புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. ஒரு நாள் கடைக்கு வந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் பையைக் கையில் எடுத்து, 'டஸ் இட் கம் இன் அ டார்க்கர் ஷேட்?', அதாவது இதே பை இன்னும் அடர்த்தியான நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இவன் காதில் அது 'டஸிட்கமினடார்க்கர்' என்று ஒரே மூச்சில் விழுந்திருக்கிறது. 'யெஸ் மேடம், ஒரிஜினல் லெதர் மேடம்' என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

ராத்திரி சாப்பிடும்போது, "அத்தான், எழுத்துல காட்டுனா அத்தனையும் தெரியுது, காதுல விழுந்தா ஒண்ணும் புரிய மாட்டேங்கு" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன். நாலு பதிலில் ஒன்றைத் தொடு, கலைந்து கிடக்கும் சொற்களை வரிசையில் வை, இவ்வளவுதான். ஐந்து மாதத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லவில்லை, பேசச் சொல்லவில்லை. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, தேவைப்படும்போது வாயில் வருவது வேறு. தொட்டுத் தொட்டு முன்னதைத்தான் அவன் வளர்த்திருக்கிறான்.

அதற்கு முன்னால் காசு கட்டி ஒரு ஆன்லைன் கோர்ஸிலும் சேர்ந்திருந்தான், பெயர் வேண்டாம். இந்தி வழியாக ஆங்கிலம். மும்பையில் கிடைக்கிற பாதி கோர்ஸ் அப்படித்தான், நமக்கும் இந்தி ஓரளவு வருகிறதே என்று சேர்ந்துவிடுகிறோம். ஆனால் பாருங்கள், இந்தியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். அதனால் 'ஹி', 'ஷி' வித்தியாசத்துக்குப் பாடம் பாடமாக நேரம் போனது. தமிழனுக்கு அது தேவையே இல்லை. நமக்கு இடிக்கிற இடம் வேறு. தமிழில் ஒரு 'ப' இரண்டு ஒலிக்கும் (p, b) வேலை செய்கிறது, ஒரு 'க'வும் (k, g) அப்படியே. இந்தி எழுத்திலேயே இவை தனித்தனி என்பதால் அந்தக் கோர்ஸ் இந்தப் பக்கமே திரும்பவில்லை. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதை 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று அவன் சொல்வதையும் யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவரே அப்படித்தான் பேசினார்!

சரி, எங்கே போவது? பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளம் இலவசம். ஏ1, ஏ2, பி1 என்று நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள், இது ஐரோப்பிய அளவுகோல், அதில் மொத்தம் ஆறு நிலை, ஏ1 ஆரம்பம், சி2 உச்சம். கேட்கும் பயிற்சியில் முதலில் புதுச் சொற்களுக்கு ஒரு சின்ன வேலை, பிறகு ஒலி, பிறகு கேள்வி, பேசியது முழுக்க எழுத்திலும் இருக்கும். அந்த எழுத்தை முதலில் திறக்காதீர்கள். இரண்டு தடவை கேளுங்கள், காதில் விழுந்ததைத் தாளில் எழுதுங்கள், அதற்கப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றின என்று அப்போதுதான் தெரியும்.

கொஞ்சம் தேறியபின் பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் என்கிற ஆறு நிமிட ஒலி நிகழ்ச்சி. மாஹிமில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினால் அந்தேரி வருவதற்குள் ஒன்றை இரண்டு தடவை கேட்டுவிடலாம், நான் அப்படித்தான் கேட்கிறேன். அமெரிக்க உச்சரிப்பு வேண்டுமென்றால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் கற்போருக்கான பழைய நிகழ்ச்சிகள். 1959-ல் தொடங்கியது, 2025-ல் புதிதாக வருவது நின்றுபோனது, சுமார் 1,500 அடிப்படைச் சொற்களை வைத்து நிதானமாகப் படித்தார்கள். ஆரம்பத்துக்கு நல்லது, ஆனால் அந்த நிதானத்துக்குப் பழகிவிட்டால் நிஜ மனிதர் பேசும்போது மறுபடி திணறல்தான். எழுதுவதற்கு கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ். நாலு வரி எழுதிப் போட்டால் நீங்கள் எந்த நிலை, எந்த வரி சரியில்லை என்று காட்டும், திருத்துவது உங்கள் வேலை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இது தவிர, எந்தத் தளமும் வேண்டாத ஒரு பயிற்சி உங்கள் போனிலேயே இருக்கிறது. கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டு, மொழியை ஆங்கிலமாக வைத்துப் பேசுங்கள், என்ன எழுதுகிறது என்று பாருங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் போன் முன்பின் சேர்த்து அதுவே சரியாக ஊகித்துவிடும், அது ஏமாற்று வேலை. ஒற்றைச் சொல்லாகச் சொல்ல வேண்டும். மச்சினனைச் சொல்லச் சொன்னேன். 'பேக்' என்றான். தமிழில் எழுதினால் தோல் பையும் பேக், சாமானைக் கட்டுவதும் பேக், முதுகும் பேக். போன் முதுகு என்று எழுதியது. மறுபடி சொன்னான், மறுபடியும் முதுகு. "நாள் பூரா இதத்தான அத்தான் விக்கேன்!" என்று அவனுக்கு ஒரே கோபம். கடைசி எழுத்தை 'க்' என்று வெட்டாமல் தொண்டையில் அதிர்வு வருகிறதா என்று கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துச் சொல், அதற்கு முன்னால் உள்ள 'ஏ'யையும் கொஞ்சம் இழு என்றேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் 'பேக், பேக்' என்று போனிடம் கத்துவதைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று வாரமாக ராத்திரி பத்து மணிக்கு இதே கூத்துதான். பத்துத் தடவையில் ஏழு தடவை பை வந்துவிடுகிறது, மீதி மூன்று தடவை இன்னும் முதுகுதான்.