யூரோ நாடுகளின் பட்ஜெட்டை உண்மையில் முடிவு செய்வது யார்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகளுக்குப் பொருளாதார அதிகாரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் பல தட்டுகளில் பிரிந்து கிடக்கிறது. யூரோ நாணயத்தைப் பயன்படுத்தும் உறுப்பு நாடுகளுக்கான வட்டி விகிதத்தை ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி நிர்ணயிக்கிறது. வருமான வரி, ஓய்வூதியம் எல்லாம் பெரும்பாலும் அந்தந்த அரசின் கையில். நடுவில் மாட்டிக்கொள்வது பட்ஜெட்தான்.

2018-இல் இத்தாலிக்கு நடந்ததைப் பாருங்கள். யூரோ நாடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்குள் வரைவு பட்ஜெட்டை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான, பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ரோம், அதாவது இத்தாலி அரசு, ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 2.4 சதவீதப் பற்றாக்குறை காட்டியது. ஒன்றியத்தின் 3 சதவீத வரம்புக்குள்தானே என்று தோன்றும். ஆனால் நாட்டின் கடனோ ஜிடிபியில் 130 சதவீதத்துக்கும் மேல். விதி சொல்வது 60. ஆணையம் பட்ஜெட்டைத் திருப்பி அனுப்பியது, அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ரோம் முதலில் முறைத்தது, அப்புறம் டிசம்பரில் 2.04-க்கு இறங்கி வந்தது. (பார்க்க 2.4 மாதிரியே இருப்பது உள்ளூர் அரசியலுக்கு வசதி!) ஆணையத்தின் கடிதத்தைவிட, அரசு கடன் வாங்கும் பத்திரச் சந்தையில் ஏறிய வட்டிதான் அதிகம் பயமுறுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

கொரோனாவுக்குப் பின் கதை மாறியது. 2020-இல் 75,000 கோடி யூரோ வரை ஒன்றியமே கடன் வாங்க ஒப்புக்கொண்டது. இத்தாலிக்குப் பெரிய பங்கு கிடைத்தது. ஆனால் நீதித்துறைச் சீர்திருத்தம் போன்ற இலக்குகளை எட்டினால்தான் அடுத்த தவணை.