அபராதத்துக்கா இவ்வளவு கோபம்?

வணக்கம் சார். 1885 மொரோசோவ் மில் ஸ்டிரைக் பத்தி எழுதியிருந்தீங்க. பதிமூணு பதினாலு மணி நேர வேலையைப் பொறுத்துக்கிட்ட ரஷ்யத் தொழிலாளிங்க அபராதத்துக்குப் போயி ஏன் அப்படிக் கொதிச்சாங்க? முடியலன்னா கிராமத்துக்கே திரும்பியிருக்கலாமே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிராமத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா முடிச்சு அங்கதான் இருக்கு. 1861-ல பண்ணையடிமை முறை போச்சு, ஆனா கிடைச்ச நிலத்துக்கு 49 வருஷத் தவணை, அதையும் வரியையும் ஊரே சேர்ந்து கட்டணும், அதனால வீட்டுக்கு ஒருத்தராவது மில்லுக்குப் போயி காசு அனுப்பியாகணும். வெளியூர் போக பாஸ்போர்ட் வேணும், அதைக் கொடுக்கறதும் ஊர்தான். பாக்கி வச்சா பாஸ்போர்ட்டை இழுத்தடிப்பாங்க. வெறுங்கையோட எப்படித் திரும்பறது?

அப்போ தலைநகரா இருந்த பீட்டர்ஸ்பர்க்ல இவங்க வாடகைக்கு எடுத்தது ரூம் இல்ல, ரூம்ல ஒரு மூலை, நடுவுல ஒரு துணி மறைப்பு. மில் கொட்டடிகள்ல பகல் ஷிப்ட்காரர் எழுந்து போன பலகையிலயே நைட் ஷிப்ட்காரர் வந்து படுப்பார். இத்தனையும் சகிச்சது ஊருக்கு அனுப்பற அந்த ரூபிளுக்காக. அதுலயே கை வச்சா?

மாஸ்கோவுக்குக் கிழக்க ஒரெகோவோ-சுயெவோல திமோஃபெய் மொரோசோவ் மில்லுல ரெண்டு மூணு வருஷத்துல அஞ்சு தடவை கூலியைக் குறைச்சாங்க. அதுக்கு மேல அபராதம், கூலியில கால் பங்குக்கும் மேல போயிருக்கு. துணியில குறை இருக்குன்னு மில் ஆளு சொன்னா சொன்னதுதான், நூல் மட்டமா இருந்தாலும் நெசவாளி தலையிலதான் விழும். என்னை உலுக்கற விஷயம் என்னன்னா, அந்தக் காசு போனது முதலாளி பைக்கே. உழைச்ச கூலியைத் திரும்பப் பிடுங்கறது அது, கோபம் வராம எப்படி இருக்கும்? நெசவாளிங்க மொய்செயென்கோ, வோல்கோவ் முன்னால நின்னாங்க, சுமார் 8,000 பேர் வேலையை நிறுத்தினாங்க. கைது, வழக்கு எல்லாம் நடந்துச்சு, ஆனா குற்றம் செஞ்சாங்களான்னு முன்னால வச்ச 101 கேள்விக்கும் ஜூரி இல்லன்னு சொல்லிடுச்சு. அபராதக் காசு முதலாளிக்குப் போகக்கூடாது, தொழிலாளிங்க நலனுக்கே செலவாகணும்னு 1886-ல சட்டம் வந்துச்சு.

ஆனா வேலை நேரத்தைப் பொறுத்துக்கிட்டாங்கன்னு எழுதினீங்களே, அதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. 1896-ல பீட்டர்ஸ்பர்க் பஞ்சாலைக்காரங்க, ஜார் முடிசூட்டு விழாவுக்கு மில்லை மூடின நாளுக்குக் கூலி கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, அது அப்படியே பத்தரை மணி நேரக் கோரிக்கையா ஆயிடுச்சு. மறுவருஷம் பதினொன்றரை மணி நேரச் சட்டம் வந்துச்சு. ஆனா அதோட சேர்ந்து வந்த ஓவர்டைம் கட்டுப்பாட்டை 1898-லயே தளர்த்திட்டாங்க.