ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைகளின் மூளை வளர்ச்சியே வேறு மாதிரி என்று எம்ஆர்ஐ ஆய்வுகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும், தலை அசைவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை ஸ்கேனருக்குள்ளும் அசையத்தான் செய்யும். அந்த அசைவு, படத்தில் நோயின் அடையாளம் போலவே பதிந்துவிடும்.

மூளையின் அமைப்பைக் காட்டும் படம் ஒன்றை எடுக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் தலை லேசாக ஆடினாலும், சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை மங்கும். கண்ணுக்குப் படம் சுத்தமாகத் தெரிந்தாலும் மென்பொருள், மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனைக் குறைத்தே கணக்கிடும்.

மூளை செயல்படுவதைப் பதியும் எஃப்எம்ஆர்ஐயில் இது இன்னும் மோசம். மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே, அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பைக் கூட்டியும் தூரத்துப் பகுதிகளின் தொடர்பைக் குறைத்தும் காட்டும் என்று 2012-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவர் குழுவினர் நிரூபித்தார்கள். வயது ஏற ஏறத்தான் நீண்ட இணைப்புகள் வலுப்படுகின்றன என்று அதுவரை சொல்லப்பட்ட வளர்ச்சிக் கதையும் இதே வடிவம்தான். சின்னப் பிள்ளைகள்தானே அதிகம் அசைகிறார்கள்! அந்தக் கதையை முன்பு எழுதியதும் அதே ஆய்வகம்தான். சொந்த முடிவையே சோதித்து வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அசைவை அளக்க, அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கிடையே மூன்று திசை நகர்வையும் மூன்று சுழற்சியையும் எடுப்பார்கள். சுழற்சியை 50 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் மேல் நகர்ந்த தூரமாக மாற்றி, ஆறையும் கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் கூட்டுவார்கள். தொகை 0.5 மி.மீ.யைத் தாண்டிய படங்களை அப்போது நீக்கினார்கள். பிறகு பலர் 0.2 மி.மீ. வரை இறுக்கினார்கள். நீக்கியது போகப் போதுமான பதிவு மிஞ்ச வேண்டும் என்பதால், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வில், எந்த வேலையும் தராமல் சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஓய்வுநிலைப் பதிவை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை எடுக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிகம் அசைபவர்களை விலக்கினால் நோய் கடுமையாக உள்ள பிள்ளைகளே வெளியேறுவார்கள், மிஞ்சுவது லேசான நோயுள்ள கூட்டம். எனவே ஸ்கேனுக்கு முன்பே உழைப்பதுதான் நல்லது. போலி ஸ்கேனரில் படுக்கவைத்து, அந்தச் சத்தத்தைப் போட்டு, பிள்ளை பார்க்கும் சினிமா, தலை அசைந்தால் நிற்கும்படி வைத்துப் பழக்கலாம். மயக்க மருந்து வேண்டாம், மூளையின் செயல்பாடே மாறிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரே ஒரு முறை எடுத்த ஸ்கேன் வளர்ச்சியைக் காட்டாது. பிலிப் ஷா குழுவினர் 2007-இல், புறணி உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு 10.5, மற்றவர்களுக்கு 7.5 என்று கண்டதற்குப் பலரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்ததும் ஒரு காரணம்.

அதுவும் குழுக் கணக்குதான். இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கும். ஒரு தனிப் பிள்ளையின் படத்தைப் பார்த்து ஏடிஎச்டி என்று சொல்லவே முடியாது. வலிப்பு, கட்டி என்று சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ அவசியம். ஏடிஎச்டியை உறுதிசெய்ய மட்டும் எடுக்கச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.